கிறுக்கு ஷெட்டில் சனிக்கிழமைப் பரீட்சை

என் உத்தியோகம் அடி வாங்குவது. வாங்குவதற்கு முன்னால் நானும் ஓர் அடி கொடுக்க வேண்டும் என்பது விதி. கம்பெனி ஆஸ்பத்திரியில் இதற்கென்றே ஒரு பதவி, ஒரு காக்கிச் சட்டை, கட்டடத்துக்குப் பின்னால் ஓடு போட்ட ஓர் அறை. பல்லுக்கு மட்டும் கம்பெனி பொறுப்பேற்காது.

சொன்னால் நம்பமாட்டீர்கள். தங்க வயலுக்கு மின்சார விளக்கு வருவதற்கு முந்தின காலம் அது. நம்பமுடியாத காரியங்கள் எல்லாம் அப்போது அரிக்கேன் விளக்கு வெளிச்சத்திலேயே தாராளமாக நடந்துகொண்டிருந்தன.

ஆஸ்பத்திரியின் கோடியில் கல்லால் கட்டிய நீளமான கொட்டகை ஒன்று உண்டு. வாசலில் இங்கிலீஷில் மூன்று வரிக்குப் பேர் எழுதியிருக்கும். லைன்களில், அதாவது கம்பெனி வரிசை வீடுகளில் இருக்கிற ஜனங்கள் சுருக்கமாகக் கிறுக்கு ஷெட் என்பார்கள். சுரங்கத்துக்குள் இறங்கி, ஏறி வரும்போது புத்தி மட்டும் கூட ஏறி வராதவர்களை அங்கே கொண்டுவந்து சங்கிலியில் போடுவார்கள். மொட்டையடித்து, உச்சந்தலையில் கொப்புளம் கிளப்புகிற பிளாஸ்திரி ஒட்டி, வாளி வாளியாகப் பச்சைத் தண்ணீர் ஊற்றுவார்கள். இதற்குச் சிகிச்சை என்று பேர். இதையெல்லாம் செய்தும் உயிரோடு இருக்கிறவனுக்குச் சனிக்கிழமை காலையில் பரீட்சை.

பரீட்சையைக் கண்டுபிடித்தவர் டாக்டர் விம்பிள் துரை. நோயாளியைச் சுவரோரம் நிறுத்துவார்கள். நான் எதிரே நிற்பேன். முதலில் அவனுடைய அம்மாவைப் பற்றி நாலு வார்த்தை பேசுவேன். பிறகு அவன் சோற்றுத் தட்டில் துப்புவேன். கடைசியாகக் கன்னத்தில் அறைவேன். துரை கடிகாரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவர் அதை மூடுகிற வரைக்கும் கையைத் தூக்காமல் நின்றால் ஆள் குணமாகிவிட்டான், திங்கட்கிழமை ஷிப்டுக்கு இறங்கலாம். தூக்கினால் இன்னொரு வாரம் சங்கிலி. அடுத்த சனிக்கிழமையும் தூக்கினால் கோரமண்டல் ஸ்டேஷனில் ரயிலேற்றி பெங்களூர்ப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார்கள்.

"கீழே மேஸ்திரி இவனை அடிப்பான், கேப்டன் உதைப்பார். அதைத் தாங்கமுடியாத ஒருவனைக் குணமானவன் என்று வெளியே அனுப்பினால் நான் என்ன டாக்டர்?" என்று துரை கேட்பார். அவர் இங்கிலீஷில் சொல்வதை, காயத்துக்குக் கட்டுப் போடுகிற டிரஸ்ஸர் மாணிக்கராஜ் எங்களுக்குத் தமிழில் சொல்லுவார். நடுவில் அவரை நிறுத்தி வைத்தால் கதை நீளும் என்பதால் துரைமார்கள் பேச்சை நான் நேராகத் தமிழிலேயே எழுதிவிடுகிறேன்.

என்னை எப்படிப் பிடித்தார்கள் என்று கேட்பீர்கள். என் பேர் ஏனோக். எனக்குப் பயம் வந்தால் சிரிப்பு வரும். இது ஒரு வியாதி. ஒரு நாள் சுரங்கத்துக்குள் மேஸ்திரி என் தாடையில் மண்வெட்டிப் பிடியால் போட்டார், நான் சிரித்தேன். அவர் மறுபடியும் போட்டார், இன்னும் சிரித்தேன். தாடை கழன்று ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகும் சிரிப்பு நிற்கவில்லை. விம்பிள் துரை என்னைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். "அருமை. இந்த முகத்தைப் பார்த்தால் சித்தம் தெளிந்தவனுக்கே அடிக்கத் தோன்றும்," என்றார். அன்றைக்கே நியமனம். வருஷக் கடைசியில் சாமான்களைச் சரிபார்க்கும்போது தெர்மாமீட்டர், பீச்சாங்குழல், ஏனோக் என்று வரிசையாகக் கூப்பிடுவார்கள். நான் 'உள்ளேன்' என்பேன்.

அந்தப் பரீட்சையில் முதல் தரமாகத் தேறியவன் டேவிட் என்று ஒருவன். நான் திட்டினேன், அசையவில்லை. துப்பினேன், அந்தச் சோற்றையே எடுத்துச் சாப்பிட்டான். அறைந்தேன், கண்கூடச் சிமிட்டவில்லை. துரை கடிகாரத்தை மூடி, கைகுலுக்கி, தேநீர் குடிக்கப் போன பிறகும் அவன் சுவரோரமே நின்றுகொண்டிருந்தான். திங்கட்கிழமை சுரங்க வாயான ஷாப்ட்டுக்குக் கூட்டிப்போனார்கள். ஆட்களை இறக்குகிற கூண்டான கேஜ் வந்து நிற்பதற்கு முன்னாலேயே, அது நிற்கவேண்டிய இடத்தில் காலை எடுத்து வைத்துவிட்டான். மேலே வந்ததை ஒரு கோணிப்பைக்குள் கட்டித்தான் புதைத்தார்கள். "நம்மிடமிருந்து போகும்போது குணமாகத்தான் போனான்," என்றார் விம்பிள் துரை.

இப்போது சம்பங்கிக்கு வருகிறேன்.

சம்பங்கி பாறையில் துளை போடுகிற ஆள். புஜம் ஒவ்வொன்றும் பனங்கட்டை. ஸ்கெலட்டன் லைன் என்கிற குடியிருப்புக்கு அந்தப்புறம், ஸ்டாம்பு மில்லின் பின்சுவரை ஒட்டிய தகரக் குடிசையில் இருந்தான். மில் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: இரும்பு உலக்கைகள் வரிசையாக நின்று, பாறையை இடித்து மாவாக்கும். பகலும் இடிக்கும், இரவும் இடிக்கும். ஒரே சீராக இடிக்கும். அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் சம்பங்கி இரவு ஷிப்டு முடிந்து வந்து, பகலில் தூங்க வேண்டும். கம்பெனி அவனிடம் எதிர்பார்த்த ஒரே ஓய்வு அதுதான்.

ஒரு நாள் உச்சிவெயிலில் அவன் எழுந்து, சம்மட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, மில்லுக்குள்ளே போனான். "நீ நிறுத்து, நானும் நிறுத்துறேன்," என்று உலக்கைகளுக்கு ஒரு நியாயமான யோசனை சொன்னான். அவை ஒத்துக்கொள்ளவில்லை. அடிக்க ஆரம்பித்தான். உலக்கைகளைத் தூக்கிவிடுகிற பெரிய இரும்புத் தண்டு விரிசல் விட்டு, மொத்த மில்லும் நின்றுபோயிற்று. அந்த ஊரில் அப்படி ஒரு நிசப்தத்தை யாரும் கேட்டதில்லை. லைன் முழுக்க ஜனங்கள் வெளியே ஓடிவந்து, செத்துப்போய்விட்டோமோ என்று ஒருவரை ஒருவர் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். காவல்காரர்கள் தடியோடு வந்து அவன் முதுகைப் பிளந்தார்கள். அவன் ஒருவரையும் திருப்பி அடிக்கவில்லை. நின்றுபோன மில்லுக்கு முன்னால் குப்புறப் படுத்து, அடிவாங்கிக்கொண்டே தூங்கிப்போனான்.

போலீசுக்கு அனுப்புவதா, ஷெட்டுக்கு அனுப்புவதா என்று கேள்வி வந்தது. சுரங்கத்துக் கேப்டன் ட்ரெகோ துரை தெளிவாகத் தீர்ப்புச் சொன்னார்: "மனுஷனை அடித்திருந்தால் குற்றம். மெஷினை அடித்தால் பைத்தியம். அதன் விலை தெரிந்த எவனும் செய்யமாட்டான்."

மொட்டையடித்து, பிளாஸ்திரி ஒட்டி, முதல் வாளித் தண்ணீரை ஊற்றினார்கள். தூங்கினான். இரண்டாவது வாளியை ஊற்றினார்கள். புரண்டு படுத்தான். ஷெட்டின் கல்சுவர் ஒன்றரை முழக் கனம். மில் சத்தம் உள்ளே வருவதற்குள் பாதியாகிவிடும். கண் விழித்தபோது பசிக்கிறது என்றான். சோறு போட்டோம். சாப்பிட்டுவிட்டு, சங்கிலியைக் காலில் சரிசெய்துகொண்டு என்னைப் பார்த்தான்.

"அந்த மில்லு இன்னா ஆச்சுண்ணா?"

"ரிப்பேர் பண்ணிட்டாங்க. ஓடுது."

"பாவம்," என்றான். யாரைச் சொன்னான் என்று தெரியவில்லை. "நீதான் அடிக்கிற ஆளா?"

"ஆமா."

"கையா, செருப்பா?"

"கைதான். கம்பெனி செருப்பு குடுக்கல."

சிரித்தான். அப்படி ஒரு தெளிந்த சிரிப்பை நான் ஆஸ்பத்திரியில் யாரிடமும் பார்த்ததில்லை, டாக்டரிடம்கூட. விம்பிள் துரை இந்த மாற்றத்துக்குப் பிளாஸ்திரியே காரணம் என்று லண்டனுக்கு ஒரு கட்டுரை எழுதியனுப்பினார்.

முதல் சனிக்கிழமைப் பரீட்சையில் அம்மாவைத் திட்டினேன். "எங்கம்மா இதவிட நல்லா திட்டும்ணா," என்று ரகசியமாகச் சொன்னான். தட்டில் துப்பினேன், பொறுத்துக்கொண்டான். அறைய ஆரம்பித்தேன். ஒன்று. இரண்டு. மூன்றாவது அறையில் அவன் கண் மாறியது. அடித்தொண்டையில் ஒரு உறுமல். பக்கத்திலிருந்த பெஞ்சை ஒரே கையால் தூக்கிச் சுவரில் மோத ஆரம்பித்தான். சுவருக்கும் பெஞ்சுக்கும் நடுவில் நான் இருந்தேன். என் முன்பல் இரண்டும் அந்தச் சுவரில்தான் இருக்கின்றன, பெயர்த்தெடுக்க முடியவில்லை.

கட்டிப்போட்ட பிறகு அழுதான். "உன்னை அடிக்கலண்ணா. சத்தியமா. சத்தத்த அடிச்சேன்."

அடுத்த வாரம் தவறினால் ரயில்.

மறுநாள் ஜன்னலுக்கு வெளியே ஒரு பெண், இடுப்பில் கைக்குழந்தையோடு வந்து நின்றாள்.

"ஏனோக்குன்றது யாரு?"

"நான்தான்மா."

"பல்லு போனது நீயா?" மேலும் கீழும் பார்த்தாள். "பாத்தா பாவமா கீற. நான் வெங்கடம்மா, அவரு பொண்டாட்டி. வர்ற திங்கக்கிழமை அவரு ஷிப்டுக்கு இறங்கலைன்னா குடிசைய வேற பேருக்கு எழுதிடுவாங்களாம். புள்ளைய தூக்கிக்கினு நான் எங்கண்ணா போறது? மில்லுக்கு உள்ளவா?"

"நான் மெதுவாத்தாம்மா அடிச்சேன்."

"மெதுவான்றது இல்ல. எப்படி அடிச்ச? காட்டு."

ஜன்னல் கம்பியில் அறைந்து காட்டினேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அய்யோ, நீ மில்லோட சேந்து அடிக்கிற. கேளு."

கேட்டேன். தூரத்தில் மில் இடிக்கிற ஒவ்வோர் இடிக்கும் என் கை கம்பியில் இறங்கிக்கொண்டிருந்தது. எனக்கே தெரியாமல்.

அப்புறம்தான் கவனித்தேன், அந்த ஊரில் எல்லோரும் அப்படித்தான். ரோட்டில் நடக்கிறவன் நடை, அம்மியில் குழவி, தச்சன் சுத்தியல், முருங்கைக்காய் மெல்லுகிற வாய், சர்ச்சில் நாங்கள் பாடுகிற கீர்த்தனை, எல்லாம் மில்லின் தாளத்துக்குத்தான் போகும். மேஸ்திரியின் பிரம்பும் அந்தத் தாளத்துக்குத்தான் விழும். பிறந்த நாளிலிருந்து காதில் விழுகிறதைக் கை மறக்காது.

"தாறுமாறா நூறு அடி குடு, வாங்கிக்குவாரு. சீரா மூணு விழுந்தா அவருக்கு அது மில்லுண்ணா. அப்புறம் ஆளு அவரு இல்ல," என்றாள் வெங்கடம்மா.

தாளம் தப்பி அடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று அந்த வாரம் தெரிந்தது. தலையணையில் பழகினேன். கண்ணை மூடினேன், ஒரு காலில் நின்றேன், மனசுக்குள் வேறு பாட்டுப் பாடினேன். கை மில்லைத் தேடித்தான் போயிற்று. கடைசியில் வழி சொன்னது குழந்தை. அது காலை உதைக்கும். எப்போது உதைக்கும் என்று கடவுளுக்கே தெரியாது. பிறந்து மூன்று மாசமே ஆன அந்தக் காலுக்கு இன்னும் மில் பிடிபடவில்லை. அது உதைக்கும்போதெல்லாம் அறைவது என்று பழகிக்கொண்டேன். வெங்கடம்மா ஜன்னலுக்கு வெளியே குழந்தையை வைத்துக்கொண்டு நிற்பாள், உள்ளே நான் அவள் புருஷனை அறைவேன். "பளார்னு உடுண்ணா, வெக்கப்படாத," என்பாள். சம்பங்கி கன்னம் சிவந்து சிரிப்பான். இவ்வளவு சந்தோஷமாக மூன்று பேர் அந்த ஷெட்டில் அதற்கு முன்னால் இருந்ததில்லை.

இரண்டாவது சனிக்கிழமை லண்டனிலிருந்து கம்பெனி டைரக்டர் ஒருவர் வந்திருந்தார். லைன்களில் பைத்தியம் அதிகமாகிறதாம், காரணம் கண்டுபிடிக்க வேண்டுமாம். விம்பிள் துரை, ட்ரெகோ துரை, லண்டன் துரை மூவரும் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். லண்டன் துரை எழுந்து பேசினார்.

"ஆயிரக்கணக்கான அடி ஆழத்தில் எங்கே தங்கம் இருக்கிறது என்று நமக்குத் தெரிகிறது. ஒரு சாண் மண்டைக்குள்ளே என்ன கெட்டுப்போகிறது என்று தெரியவில்லை. இது கம்பெனிக்கு அழகல்ல."

விம்பிள் துரை புளியே காரணம் என்றார். ஷெட்டில் புளியை நிறுத்திப் பார்த்ததில் நோயாளிகள் ரசம் கேட்டுக் கலகம் செய்தார்கள் என்றும், அதுவே தம் கட்சிக்கு அத்தாட்சி என்றும் விளக்கினார். ட்ரெகோ துரை சோம்பல்தான் காரணம் என்றார். நோயாளியின் வீட்டாரையும் ஒரு வார்த்தை கேட்பது முறை என்று லண்டன் துரை சொன்னதால் வெங்கடம்மாவை ஜன்னலருகே கூப்பிட்டார்கள்.

"அவரு தூங்கலைங்க தொரை. அவ்ளோதாங்க," என்றாள். "ராவெல்லாம் கீழ வேலை. பகல்ல வந்து படுத்தா தகரம் ஆடும், பானை ஆடும், புள்ள ஆடும். படுக்கிற பாயும் எங்குளுது மட்டும் இல்லைங்க. ராவுல அதுல பகல் ஷிப்டு ஆளு படுப்பான். அந்தப் பாயி ஆறி நான் பாத்ததேயில்ல. ஆளு பத்தலைன்னு ரெட்டை ஷிப்டு போட்டாங்க. நின்னுக்கினே கண்ணு சொருகிச்சின்னு மேஸ்திரி முதுகுல கம்பியால இழுத்தாரு. இன்னா பண்ணுவாரு மனுசன்?"

விம்பிள் துரை பொறுமையாகத் தலையசைத்தார். "இவள் சொல்வதெல்லாம் நிலைமை. நாம் தேடுவது காரணம்."

"சரியாகச் சொன்னீர்கள்," என்றார் லண்டன் துரை. "நிலைமையை மாற்றப் புறப்பட்டால் அதற்கு முடிவே கிடையாது. காரணம் என்றால் ஒரு மருந்துப் பாட்டிலோடு முடிந்துவிடும்."

ட்ரெகோ துரைக்குச் சட்டென்று ஏதோ ஞாபகம் வந்தது. "அந்தக் குடிசையா? அது முன்னால் என் குதிரை லாயம். மில் சத்தத்தில் குதிரை தீனி எடுக்கவில்லை, தூங்கவில்லை, லாயக்காரனைக் கடித்துவிட்டது. உடனே மலைப்பக்கம் மாற்றினோம், சரியாகிவிட்டது. காலி இடத்தை வீணாக்குவானேன் என்று இவர்களுக்குக் கொடுத்தோம். பாருங்கள், குதிரைக்குத் தன் கஷ்டத்தை ஒழுங்காகச் சொல்லத் தெரிகிறது. இவர்களுக்குத்தான் தெரிவதில்லை."

மூவரும் சற்று நேரம் குதிரையின் அறிவைப் பற்றிப் பேசினார்கள். பிறகு கடிகாரம் திறந்தது.

திட்டினேன். துப்பினேன். ஜன்னலைப் பார்த்தேன். குழந்தை உதைத்தது, அறைந்தேன். மறுபடி உதைத்தது, அறைந்தேன். பிறகு ரொம்ப நேரம் ஒன்றுமில்லை. பிறகு இரண்டு உதை சேர்ந்தாற்போல, இரண்டு அறை. சம்பங்கி கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு சாதுவாக நின்றான். உதட்டில் ரத்தம் வந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. இன்னும் கொஞ்ச நேரம்தான். ஜன்னலைப் பார்த்தேன்.

குழந்தை தூங்கிவிட்டது.

வெங்கடம்மா அதன் உள்ளங்காலைக் கிள்ளிப் பார்த்தாள். அது அப்பாவுக்குப் பிறந்த குழந்தை. தூக்கம் கிடைத்தால் விடாது. நான் கையை ஓங்கியபடி நின்றேன். இறக்கினால் மில்லோடு இறங்கிவிடும்.

"இவன் சிநேகிதனை அடிப்பது போல அடிக்கிறான். இது பரீட்சையா?" என்றார் லண்டன் துரை.

"நான் காட்டுகிறேன்," என்று ட்ரெகோ துரை எழுந்தார். கோட்டைக் கழற்றினார். பன்னிரண்டு வருஷமாக அந்த ஊரில் இருக்கிறவர். என்னைத் தள்ளிவிட்டுச் சம்பங்கியின் முன்னால் நின்று அறைந்தார். தூரத்தில் மில் இடித்தது. இரண்டாவது அறை. மில். மூன்றாவது. இடியும் அறையும் ஒன்றாக விழுந்தன. சம்பங்கியின் மூக்கு விடைத்தது. கழுத்து நரம்பு புடைத்தது. அவன் விரல்கள் மெதுவாக மடங்கி இரண்டு சம்மட்டிகள் ஆயின. வெளியே வெங்கடம்மா, "வேணா மாமா, வேணா," என்று முனகினாள்.

நான் குறுக்கே போனேன். அதற்குமேல் என்னிடம் திட்டம் எதுவும் கிடையாது. துரையின் நாலாவது அறை என் மேல் விழுந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் ஐந்தாவதையும் எனக்கே கொடுத்தார். இன்னும் சிரித்தேன். அவர் முகம் செங்கல் நிறமாகி, என் வயிற்றில் பூட்ஸ் காலால் உதைத்தார். குனிந்து நிமிர்ந்தபோது என் கை என்னைக் கேட்காமலே போய், மாட்சிமை பொருந்திய ட்ரெகோ துரையின் இடது கன்னத்தில் இறங்கியது. பழக்க தோஷம், மில்லோடு சேர்ந்து சரியாகத்தான் இறங்கியது. இன்னும் இரண்டு இடி பாக்கியிருந்ததால் இன்னும் இரண்டு அறை.

காவல்காரர்கள் என்னைக் கீழே போட்டுக் கடமையைச் செய்தார்கள். இரண்டு விலா எலும்பு முறிகிற சத்தத்தை நானே கேட்டேன். தடிகளின் சந்துகளில் எட்டிப் பார்த்தால், சம்பங்கி மடக்கிய விரல்களைப் பிரித்துவிட்டு, திகைத்துப்போய் நின்றுகொண்டிருந்தான். தாளம் தப்பிவிட்டது, ஆள் தப்பித்துவிட்டான்.

லண்டன் துரை நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். "கண் எதிரே ஒரு வெள்ளைக்காரர் அடிபடுகிறார். இவனுக்குக் கைகள் சும்மா இருக்கின்றன. இருந்தும் இவன் சேர்ந்துகொள்ளவில்லை. இதைவிட முழுமையான சித்த சுவாதீனத்தை நான் இங்கிலாந்திலேயே பார்த்ததில்லை."

விம்பிள் துரை கடிகாரத்தை மூடினார். சம்பங்கி குணமானவன். நான் நோயாளி. மொட்டை, பிளாஸ்திரி, வாளி. பரீட்சையைக் கெடுத்தது, துரையை அடித்தது என்று ரெட்டைக் குற்றம் என்பதால் எனக்கு ஒரே ஒரு பரீட்சைதான் உண்டு என்றார்கள்.

ஏனோக் வேலை காலியாகிவிட்டதே, பரீட்சை நடத்த ஆள் வேண்டுமே. அவ்வளவு அடி தாங்கினவனைவிட அந்த வேலைக்குப் பொருத்தமானவன் யார்? அன்று சாயங்காலமே சம்பங்கிக்கு என் காக்கிச் சட்டையைப் போட்டுவிட்டார்கள். தோளில் தையல் விட்டுப்போயிற்று. என் அறையையும் கொடுத்தார்கள்.

அந்த அறைக்கும் மில்லுக்கும் நடுவே, அரைத்துக் கொட்டிய பாறை மாவு மலையாகக் குவிந்திருக்கும். காது வைத்துக் கேட்டால்தான் இடி கேட்கும். என்னுடைய பொறுமைக்கு மதம் காரணம் என்று பாதிரியார் சொன்னார், பிறவிக் குணம் என்று டாக்டர் சொன்னார். நானும் அதை நம்பி எனக்குள் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். சங்கிலியில் கிடந்து, முதல் இரவு முழுக்கக் கண் மூடாமல், வாளி தூக்கி வந்தவனைக் கடிக்கப் போன பிறகுதான் விளங்கியது. எனக்குத் தூங்க ஓர் அறை இருந்தது, அவ்வளவுதான்.

வாரக் கடைசியில் மாணிக்கராஜ் வந்து பக்கத்தில் குந்தினார். நல்ல மனுஷர்.

"சனிக்கிழமை பேசாம நில்லு, ஏனோக்கு. நீ பாஸாயிட்டா உன்ன பழைய இடத்துலயே வெச்சிக்கிறேன்னு டாக்டர் சொல்லிட்டாரு. கேப்டனும் சரின்னுட்டாரு. உன்னை மாதிரி சிரிக்கிற மூஞ்சி அவங்களுக்கு வேற கெடைக்கல."

"அப்போ சம்பங்கி?"

"அவன் கீழ போவான். பழைய குடிசை இன்னும் காலியாத்தான் கீது."

"நான் கையத் தூக்கினா?"

"நீ ரயிலு. அவன் இங்க." எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். "யோசிக்கிறதுக்கு இதுல ஒன்னுமில்ல. நில்லு, அவ்ளோதான்."

யோசிக்க ஒன்றுமில்லைதான். பெங்களூரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. தெரியாததைப் பற்றி எல்லாம் எனக்குப் பயம்தான். அந்த வாரம் முழுக்கப் பேசாமல் நிற்பதற்குப் பழகினேன்.

சனிக்கிழமை காலை. என்னைச் சுவரோரம் நிறுத்தினார்கள். என் சட்டைக்குள் சம்பங்கி வந்து எதிரே நின்றான். முகம் தெளிந்திருந்தது, கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பு போயிருந்தது. கன்னம்கூடக் கொஞ்சம் பூசியிருந்தது. அம்மாவைத் திட்டச் சொன்னார்கள்.

"உங்கம்மா நல்லா இருக்கணும்ணா," என்று சத்தமாகக் கத்தினான். துரைக்குத் தமிழ் தெரியாது, கோபமாகத்தான் கேட்டது.

துப்பச் சொன்னார்கள். தட்டுக்கு வெளியே துப்பினான். அறையச் சொன்னார்கள்.

"மனுசன நான் அடிச்சதேயில்லண்ணா," என்றான் மெதுவாக.

"அடிடா. அடிக்கலைன்னா உன்னை மறுபடி உள்ள போடுவாங்க."

அடித்தான். பாறையில் துளை போட்ட கை. எனக்குக் கொஞ்ச நேரம் உலகம் வெள்ளையாகத் தெரிந்தது. அது விலகியபோது, திறந்த கதவு வழியாக, என் அறை வாசல் தெரிந்தது. வெங்கடம்மா தூளித் துணியைக் கொடியில் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே இருட்டாக, குளிர்ச்சியாக இருந்தது. விம்பிள் துரையின் கட்டைவிரல் கடிகார மூடியின்மேல் ஏறிவிட்டது.

நான் கையைத் தூக்கிச் சம்பங்கியின் கன்னத்தைத் தொட்டேன். ஈ உட்கார்ந்தால்கூட அதைவிட அழுத்தமாக உட்காரும்.

"தாக்கினான்," என்றார் விம்பிள் துரை. கடிகாரம் டப்பென்று மூடியது.

சம்பங்கிக்குப் புரிவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும், "இன்னாண்ணா, இப்படிப் பண்ணிட்ட?" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினான். முறிந்த விலா எலும்புகள் ஒன்றையொன்று விசாரித்துக்கொண்டன. புதுக் கருவி நன்றாக வேலை செய்கிறது என்று துரை திருப்தியோடு சொல்லிவிட்டுப் போனார்.

கோரமண்டல் ஸ்டேஷனில், இடுப்பில் கயிறு கட்டி, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு ஒரு கான்ஸ்டபிள் என்னை வண்டியில் உட்காரவைத்தார். கிளம்புகிற நேரத்தில் வெங்கடம்மா குழந்தையோடு பிளாட்பாரத்தில் ஓடிவந்தாள். ஜன்னல் வழியாகக் கட்டுச்சோறு கொடுத்தாள். புளி போட்ட சோறு, வாசனை வந்தது. அவள் அழவில்லை. அழாமல் இருப்பதற்காகக் குழந்தையின் தலையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

அவளுக்குப் பின்னால் பார்த்தேன். பிளாட்பாரத்தில் வேறு யாருமில்லை. எனக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. இரண்டு பல், இரண்டு விலா, ஓர் அறை. வந்து தலையைக் காட்டியிருக்கலாம்.

"அவரு வரலையா?"

வெங்கடம்மா தலையைக் குனிந்துகொண்டாள். "உன்னை அனுப்பிட்டுத்தான் படுப்பேன்னு ராவெல்லாம் குந்திக்கினே இருந்தாருண்ணா. விடிகாலைல அப்படியே சாஞ்சிட்டாரு. தூங்கிக்கினு கீறாரு. எழுப்பலாம்னு போனேன், தொட்டேன். எழுப்ப மனசு வரல."

"எழுப்பாத," என்றேன்.

இன்ஜின் நீளமாக ஊதியது. வெங்கடம்மா பதறிப்போய் ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். வண்டி நகர ஆரம்பித்த பிறகும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.